நாலாம் நம்பர் கத்தி

அத்தியாயம் 7

"இன்னாக்கா இது, ஒரு ஓட்டையப் பாக்கறதுக்கா ஒரகடம் வரைக்கும் வந்தோம்? எங்க வூட்டுக் கூரையில நாலு கீது. டீயும் குடுத்துக் காட்டியிருப்பேனே."

பாபு ஆட்டோவை கம்பெனி கேட்டுக்கு எதிரே, கன்டெய்னர் லாரிகளின் நிழலில் நிறுத்தினான். லிடியா சிரிக்கவில்லை. மணி பத்தரை. பழைய இரும்பு எடுக்கிற வண்டி பன்னிரண்டு மணிக்கு வரும் என்று அவளுக்குத் தகவல் இருந்தது. அதற்குள் அந்த ஓட்டையைப் பார்த்தாக வேண்டும்.

கதையை இங்கே பிடித்தவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். யாரும் வெளியே நிற்க வேண்டாம்.

லிடியாவுக்கு மணிமங்கலம் சொந்த ஊர். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு செல்போன் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ். பெயர்தான் துப்பறிவது. வேலைக்குச் சேர்கிறவர்களின் முகவரி சரியா, முன்னால் பார்த்த வேலை உண்மையா என்று கம்பெனிகளுக்கு விசாரித்துச் சொல்லித்தான் வாடகை கட்டிக்கொண்டிருந்தாள். பாபு அவளுக்கு டிரைவர், உதவியாளர், வாய். முக்கியமாக வாய்.

நாற்பது நாளைக்கு முன்னால், கோழிக்கறியை அரைத்து சாசேஜ் செய்கிற ஒரு தொழிற்சாலையில், சுற்றிக்கொண்டிருந்த கத்தி ஒன்று முறிந்து, மூடியைப் பிளந்து வெளியே வந்தது. எதிரே நின்ற சுப்பராயன் என்ற ஆபரேட்டர் அங்கேயே போய்விட்டார். கத்தி செய்தது ஒரகடத்தில் இருக்கிற இந்தச் சுடர் பிளேட்ஸ் கம்பெனி. அதைச் சாணை பிடித்தவன் தென்காசிப் பக்கத்துக் கொம்பையா. போலீஸ் வந்தபோது அவனே முன்னால் வந்து, "நாந்தான் கல்லுல ரொம்ப அழுத்திட்டேன். சூடேறி வெந்துபோச்சு" என்றான். கிளைச் சிறையில் வைத்துவிட்டார்கள். ஜாமீன் இரண்டு முறை தள்ளுபடி.

அவன் மனைவி முப்பிடாதி அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. அவள்தான் மாடியேறி வந்து, "அவுக கை அழுத்தாதுக்கா. பதினோரு வருசமா நான் பாக்கேன். அந்தக் கையி பொய் சொல்லாது, வாயிதான் சொல்லுது. ஏன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றாள்.

போன வாரம் போலீஸ் ஸ்டேஷன் மேஜையில் முறிந்த கத்தியை இரண்டே நிமிடம் பார்க்க லிடியாவுக்கு வாய்த்தது. எல்லோரும் முறிந்த இடத்தைப் பார்த்தார்கள். அவள் அடிப்பாகத்தில், தண்டில் பூட்டுகிற ஓட்டைக்குள் பார்த்தாள். உள்ளே, கடையில் வாங்கிய புதுப் பாத்திரம் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியாது. அதே செட்டில் கூடப் பிறந்த மற்ற ஐந்து கத்திகளையும் பார்த்தால் தெரியும்.

சூப்பர்வைசர் மணிகண்டபிரபு முகம் சுளிக்காமல் உள்ளே விட்டார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. இந்தக் கம்பெனி ஆட்களை விசாரித்துத் தந்தவள் என்பதால் லிடியாவை அவருக்குத் தெரியும்.

"ஒத்துக்கிட்ட கேஸ்ல பார்க்க என்ன மேடம் இருக்கு? சரி, கேளுங்க."

"கத்தியை எப்படிச் செய்யறீங்கன்னு சொல்லுங்க. எனக்கு வெங்காயம் வெட்டற கத்திதான் தெரியும்."

தொழிலைப் பற்றிக் கேட்டால் மனிதர்களுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. மணிகண்டபிரபு அறையெல்லாம் சுற்றிக் காட்டினார். அரிவாளைப் போல வளைந்த கத்திகள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஆறு சேர்ந்தால் ஒரு செட். ஒரே தண்டில் விசிறி இறக்கை மாதிரி பூட்டினால், நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று.

"இந்த வளைவுதான் மேடம் விஷயம். நேரா இருந்தா கறியை அறுக்காது, அடிக்கும். அடிச்சா சூடு, சூடானா கொழுப்பு உருகிடும். வளைவு சரியா இருந்தா வழுக்கிக்கிட்டே அறுக்கும்."

"எங்க மாமியாரு பேச்சு மாரி" என்றான் பாபு.

"எதிரெதிரா இருக்கிற ரெண்டும் ஒரே எடை இருக்கணும். ஒரு கிராம் வித்தியாசம் வந்தாலும் தண்டு ஆடிடும். அதனாலதான் செட்டைப் பிரிக்கவே மாட்டோம். தகடு வெட்டினதுமே நம்பர் குத்திடுவோம். ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும், பொறந்ததுலேருந்து ஒண்ணாவே போவும்."

"அந்த செட்?"

"இருநூத்திப் பன்னெண்டு. உடைஞ்சது நாலாம் நம்பர். மீதி அஞ்சும் திரும்பி வந்தாச்சு. அதோ."

சிவப்புத் தொட்டியில், கழித்த சாமான்களோடு ஐந்து கத்திகள் கிடந்தன. லிடியா குந்தி உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தை ஓட்டைக்குள் காட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு இல்லை. ஐந்து. ஆறு.

ஐந்து ஓட்டைகளிலும் உள்சுவர் இளமஞ்சளாக இருந்தது. காய்ந்த வைக்கோல் நிறம்.

"இது இன்னா சார், மஞ்சக்காமாலையா?" என்றான் பாபு.

"டெம்பர் கலர்பா அது. முதல்ல செக்கச்செவேல்னு காய்ச்சி எண்ணெய்ல முக்கி, கருப்பு போக வெள்ளையா சுத்தம் பண்ணுவோம். இரும்பு கெட்டியாயிடும், ஆனா கண்ணாடி மாதிரி, தட்டினா தெறிக்கும். அப்புறம் ரெண்டாவது தடவை சின்ன உலையில ரெண்டு மணி நேரம் இளஞ்சூட்டுல வைப்போம். அந்த வெறைப்பு போயிடும், கெட்டி மட்டும் நிக்கும். அந்தச் சூட்டுல வர்ற நிறம்தான் இது. வெளிப்பக்கம் சாணையில போயிடும். ஓட்டைக்குள்ள கல் போகாது இல்லையா, அதனால அங்க மட்டும்..."

பேச்சு நின்றது. மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

லிடியா எழுந்தாள். "நாலாம் நம்பர்ல அந்த மஞ்சள் இல்ல சார்."

"போலீஸ்ல யாராவது தேய்ச்சிருப்பாங்க."

"சார்" என்றான் பாபு பணிவாக, "அந்த ஸ்டேஷன்ல பாத்ரூமே கழுவ மாட்டேன்றாங்க. கத்தி ஓட்டைய உக்காந்து தேய்ப்பாங்களா?"

லிடியா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கத்தியோடு கறித் தொழிற்சாலைக்கு இந்தக் கம்பெனி அனுப்பிய கெட்டித்தன்மைச் சான்றிதழ். ஆறு கத்திக்கும் ஆறு எண்கள். 57, 57, 57, 57, 57, 57. கீழே மணிகண்டபிரபுவின் கையெழுத்து.

"அஞ்சு வருஷம் ஸ்கூல் போனேன் சார்" என்றான் பாபு. "பரீட்சையில ஆறு பேருக்கும் ஒரே மார்க்குன்னா, ஒருத்தன் எழுதினான், அஞ்சு பேரு பாத்தாங்கன்னு எங்க வாத்தியாரே சொல்லுவாரு."

"ஆறுல ஒண்ணுதான் டெஸ்ட் பண்ணுவோம்" என்றார் மணிகண்டபிரபு. குரல் இறங்கியிருந்தது. "ஒரே தகடு, ஒரே உலை. வித்தியாசம் எப்படி வரும்?"

"ஒண்ணு உலைக்கே போகலைன்னா வரும்."

உலை நோட்டையும் அவரே காட்டினார். செட் 212, ஆறு கத்தி, காலை பத்து முதல் பன்னிரண்டு. தேதி, ஆயுத பூஜை நாள். அன்று எல்லா மெஷினும் ஓய்வில் இருக்க, அவசர ஆர்டருக்காக அந்த உலை ஒன்று மட்டும் ஓடியிருக்கிறது. உலையில் நின்ற கான்ட்ராக்ட் ஆள் இப்போது வேலையில் இல்லை. செட் என்றால் ஆறு என்கிற பழக்கத்தில் ஆறு என்று எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்க்கவில்லை.

கொம்பையாவின் கை தப்புச் செய்யவில்லை. உலையில் வைக்காத கத்தியை யார் சாணை பிடித்தாலும் ஒருநாள் தெறிக்கத்தான் செய்யும். மாலைக்குள் வக்கீலிடம் போய்விடலாம். இந்த நாற்பது நாளில் லிடியா நிம்மதியாக மூச்சு விட்டது அப்போதுதான்.

அந்த மூச்சு நோட்டீஸ் போர்டு வரைக்கும்தான் நீடித்தது, என் கண்ணுகளா.

"அக்கா, இங்க வா" என்றான் பாபு. அவன் குரலில் கேலி இல்லை.

போர்டில், பஸ் நேரத்துக்கும் தீயணைப்பு எண்ணுக்கும் நடுவே ஆயுத பூஜைப் படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். இங்கே எந்தப் படம் எடுத்தாலும் நாள், நேரம், இடம் எல்லாம் கீழே தானே விழுகிற ஆப்பில்தான் எடுப்பார்கள். கம்பெனி விதி. படத்தின் அடியில் வெள்ளை எழுத்து: காலை 11.20.

சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை, பொரி, ஸ்பேனர், அளவுகோல். நடுவில் வளைந்த கத்தி ஒன்று. சந்தனம் வைத்து, அதன் ஓட்டைக்குள் பூச்சரம் கோத்திருந்தார்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் குத்தியிருந்த எண் தெளிவாகத் தெரிந்தது. 212. அடியில் 4.

நோட்டின்படி 11.20க்கு அந்தக் கத்தி உலைக்குள் வெந்துகொண்டிருக்க வேண்டும். ஒரே கத்தி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்காது.

கத்திக்குக் குங்குமம் வைக்கிற கை ஒரு பெண்ணுடையது. குனிந்திருந்தாள். முகம் பாதிதான். பாதி போதும். அந்த மூக்குத்தி லிடியாவின் மாடிப்படியில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கிறது!

"நமக்கு வேலை குடுத்தவங்க" என்றான் பாபு மெதுவாக.

"ஆமா" என்றது பின்னால் ஒரு குரல். மணிகண்டபிரபு வந்து நின்றிருந்தார். "நான்தான் எடுத்தேன். குரூப்ல எழுபது பேர் பார்த்தாச்சு. ஆனா நம்பரைப் படிச்சவங்க ரெண்டே பேரு, நானும் கொம்பையாவும். இப்ப நாலு."

லிடியா திரும்பிப் பார்த்தாள். "கொம்பையாவுக்குத் தெரியுமா?"

"உடைஞ்ச கத்தியைப் பார்த்ததுமே ஓட்டையில மஞ்சள் இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு மேடம். ஒரு நாளைக்கு அறுபது கத்தி பிடிக்கிறப்ப யார் உள்ள பார்க்கறது, அப்ப விட்டுட்டார். போலீஸ் வர்றதுக்கு முந்தின நாள் நான் இந்தப் படத்தைக் காட்டினேன். டெஸ்ட் ரிப்போர்ட் பொய்ன்னு வெளிய வந்தா இதுவும் வெளிய வரும்னு சொன்னேன். மிரட்டலை. நிலைமையைச் சொன்னேன். அவரேதான் சொன்னாரு, 'என் கைன்னு சொல்லிருதேன் சார். நீங்க அந்த ரிப்போர்ட்டையும் பேச வேண்டாம், இந்தப் படத்தையும் பேச வேண்டாம்'னு."

"நீங்க ஒண்ணை டெஸ்ட் பண்ணி ஆறுன்னு எழுதினதுக்கு அவர் உள்ள இருக்காரு."

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க மேடம்." அவர் படத்தைப் போர்டிலிருந்து கழற்றவில்லை. குண்டூசி ஒன்று சாய்ந்திருந்ததை நேராக்கினார். "நீங்க கிளறினா அவர் வெளிய வருவாரான்னு எனக்குத் தெரியாது. அந்தம்மா உள்ள போவாங்கன்னு தெரியும்."

வெளியே ஹாரன் அடித்தது. பழைய இரும்பு வண்டி. சிவப்புத் தொட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பாபு தன் செல்போனில் ஓட்டைகளைப் படம் எடுத்து வைத்திருந்தான்தான். போர்டில் இருந்ததையும் எடுத்திருந்தான். அதில் எதையும் யாரிடமும் காட்ட முடியாது என்பதுதான் இப்போது விஷயம்.

ஆட்டோவில் போகும்போதே லிடியா வக்கீலுக்குப் போன் போட்டாள். பெயர் சொல்லாமல் கேட்டாள். வக்கீல் யோசித்துச் சொன்னார்: அவன் சொன்னது பொய் என்று ஆனாலும் உடனே விட மாட்டார்கள், மறைத்ததற்கு ஒரு பிரிவு போடுவார்கள். கம்பெனி முழுசாக அந்தப் பெண் மேல் தள்ளும். சூப்பர்வைசர் மேல் கேஸ் வரலாம், வராமலும் போகலாம். "இப்ப ஒருத்தர் உள்ள இருக்கார். நீங்க போனா ரெண்டு பேரு. அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

பென்னலூரில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டி விட்ட அறைகளில் கடைசி அறை முப்பிடாதியுடையது. காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது.

"வாங்கக்கா. அண்ணாச்சி, உள்ள வாங்க. ஓட்டையப் பாத்தியளா?"

வருகிற வழியில் லிடியா ஒரு பொய்யைத் தயார் பண்ணியிருந்தாள். வேலைக்கு அழைத்தவர்களிடம் அவள் பொய் சொன்னதில்லை. பழக்கமில்லாத வாய்.

"ஒண்ணும் கிடைக்கலம்மா" என்றாள்.

முப்பிடாதி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாபுவைப் பார்த்தாள். பாபு சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க வந்து இம்புட்டு நேரமாச்சு, ஒரு கிண்டல் பண்ணல. தண்ணி குடுத்தா உப்பு கம்மின்னு சொல்லுத ஆளு. என்னமோ இருக்கு."

துப்பறிகிறது என்றால் இதுதான். லிடியா கையை நீட்டினாள். பாபு செல்போனை அவளிடம் கொடுத்தான். அவள் அதை முப்பிடாதியிடம் கொடுத்தாள்.

முப்பிடாதி முதலில் சிரித்தாள். "ஏ, இது நாந்தான்! பூசை அன்னைக்கு." படத்தை விரலால் பெரிதாக்கினாள். "எல்லாத்தையும் நாந்தான் அடுக்குனேன். சாமிக்கு ஒரு கத்தி வைக்கணும்லா. முடிஞ்ச கத்தியில சந்தனம் பட்டா கறை நின்னுரும், சூப்பர்வைசர் ஏசுவாவ. அதான் பளபளப்பு ஏத்தாத கத்தியில ஒண்ண எடுத்தேன். அடுத்து அவுக கைக்குத்தான் அந்த செட்டு போவும்னு தெரியும். பூசை முடிஞ்சதும் நல்லாத் தொடச்சு, கூட்டத்தோட கொண்டு வச்சிட்டேன். ஒண்ணு கொறஞ்சா செட்டு வீணாப் போயிருமே. ராத்திரி அவுககிட்ட சொன்னேன், நீங்க புடிக்கப் போற கத்தியத்தான் சாமிக்கு வச்சேன்னு. சிரிச்சாவ..."

விரல் படத்தின் மேல் நின்றது. எண்ணுக்கு மேல் நின்றது.

பதினோரு வருடம் சாணைக்காரனோடு வாழ்ந்தவள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த அறையில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். மூன்று விசில் வந்தது.

"எடுத்தப்போ அது உலைக்குப் போகலியாக்கா?"

"போகலம்மா."

"நான் எடுக்கலைன்னா..."

"எடுத்தது தப்பில்ல. எண்ணாம எழுதினாங்க. பாக்காம கையெழுத்துப் போட்டாங்க."

"அந்த சுப்பராயன் அண்ணன் வீட்டுல அதச் சொன்னா கேப்பாவளா?"

லிடியா செல்போனை வாங்கிப் பாபுவிடம் கொடுத்தாள்.

முப்பிடாதி எழுந்தாள். செருப்பைத் தேடினாள். "ஸ்டேஷனுக்குப் போவோம். அண்ணாச்சி, வண்டிய எடுங்க. அவுக கை கத்திய வேக வச்ச கையின்னு எழுதி வச்சிருக்காவ. அத அழிக்கணும்."

லிடியா வக்கீல் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். மணிகண்டபிரபு சொன்னதையும், கொம்பையா பேசி முடித்திருந்ததையும் சொன்னாள். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில், முப்பிடாதி நின்று கேட்டாள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா என்று பாபு எட்டிப் பார்த்தான். அழவில்லை. காலிலிருந்த செருப்பையும் கழற்றி, இரண்டையும் ஜோடியாக ஓரத்தில் வைத்தாள்.

"நான் போனா அவுக இம்புட்டு நாளு பட்டது ஒண்ணுமில்லாமப் போயிரும்."

"போறதும் போகாததும் உன் இஷ்டம்மா. நாங்க யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டோம். நீ போறேன்னு சொன்னா இப்பவே கூட வர்றேன்."

முப்பிடாதி செருப்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வியாழக்கிழமை மனு போட்டிருக்கேன்க்கா, அவுகள பாக்க. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, 'என்ன, ஏதும் தெரிஞ்சுதா'ன்னு கேப்பாவ. ஒவ்வொரு தடவையும் அத ஒண்ணத்தான் கேப்பாவ. வக்கீல் என்ன சொன்னாருன்னு கேக்க மாட்டாவ. ஜாமீனு எப்பன்னு கேக்க மாட்டாவ. ஏன்னு இப்பத்தான் வெளங்குது."

லிடியா அவள் தோளில் கை வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னே அவுக நெனைக்கட்டும்க்கா. அவுககிட்ட மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். நீங்க வந்ததும் என்னமோ சொன்னியள்லா, அத இன்னொரு தடவ சொல்லுங்க. எப்படிச் சொன்னிய?"

"ஒண்ணும் கிடைக்கலம்மா."

"நீங்க சரியாச் சொல்லல. அதான் நான் புடிச்சிட்டேன்." அவள் எழுந்து, அறைக்குள் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசலுக்கு எதிரே போட்டாள். "அண்ணாச்சி, இதுல உக்காருங்க. நீங்கதான் அவுக."

பாபு உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"என்ன புள்ள, ஏதும் தெரிஞ்சுதா?"

முப்பிடாதி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றாள். இரண்டாவது தடவை பாதி வந்தது, மீதி உடைந்தது.

"அவசரம் இல்லம்மா" என்றான் பாபு. "செவ்வாய்க்கிழமைதான் இன்னைக்கு."

அதன்பின் எத்தனை தடவை என்று லிடியா எண்ணவில்லை. வெயில் வாசலிலிருந்து பின்வாங்கி, எதிர் அறைச் சுவரில் ஏறியது. ராத்திரி ஷிப்ட்டுக்கான கம்பெனி பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. முப்பிடாதி நேராக நின்று, பாபுவின் கண்ணைப் பார்த்து, சின்னதாகச் சலித்துக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணும் கெடைக்கலங்க."

பாபு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்பிட்டேன்" என்றான்.